கடலோர மேடுகளில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

கொச்சியில் குன்றுகள் இல்லை. மட்டாஞ்சேரி அரண்மனை வாயிலிலிருந்து கடைவீதி வழியாகக் கல்வத்தி கடந்து, சீன வலைகள் நிற்கும் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை வரை நடந்து செல்பவர் எங்கும் மூச்சு வாங்க வேண்டியதில்லை. உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே தரை ஒரே மட்டமாகக் கிடக்கிறது. இத்தகைய ஊரில் ஓடிப் பழகியவர்கள், மேடும் பள்ளமுமான கடலோரச் சாலையில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டால் என்ன ஆகும்? அந்த அனுபவங்களையும் அவற்றிலிருந்து கற்றவற்றையும் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் கிளையின் ஊழியர்கள் சிலரும் வாடிக்கையாளர்கள் சிலரும் சேர்ந்து, ஞாயிறுதோறும் விடியுமுன் ஓடுவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக்கிக் கொண்டுள்ளோம். மிளகு வணிகர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், காசாளர் இருவர் என்று பலதரப்பட்டவர்கள் இக்குழுவில் உள்ளனர். எவரும் விளையாட்டு வீரரல்லர். பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்த பின்னரே ஓடத் தொடங்கியவர்கள்.

பாலமே குன்று

எங்கள் வழக்கமான பாதை யூதத் தெருவில் தொடங்குகிறது. 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைக் கடந்து, இஞ்சியும் ஏலமும் மணக்கும் கிடங்குகளின் வழியே ஃபோர்ட் கொச்சிக்குச் செல்வோம். அங்கிருந்து திரும்பும்போது வெளி மைதானத்தை ஒட்டிய சலவைத்துறை வரும். தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் அந்த நேரத்திலேயே துணி துவைக்கத் தொடங்கியிருப்பார்கள். கல்லில் துணி அடிபடும் ஓசையைக் கேட்டபடி தோப்பும்படிக்கு வருவோம். அதுவரை ஒரே சீரான ஓட்டம்தான். தோப்பும்படியில் உப்பங்கழிக்கு மேலே எழும் பாலம்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே மேடு.

அதைக் கடந்தால் வெலிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிய மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்ட தீவு அது. தீவின் மறுபுறம் வெண்டுருத்திப் பாலம் எர்ணாகுளம் கரையைத் தொடுகிறது. மேட்டு ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் மாதங்களில் இந்தப் பாலங்களின் மீது எட்டு முறை, பத்து முறை என்று ஏறி இறங்குவோம். பாலத்தில் நிற்கும் மீன்பிடிப்பவர்கள் முதலில் எங்களை வியப்புடன் பார்த்தார்கள். இப்போது எத்தனையாவது சுற்று என்பதை அவர்களே எண்ணிச் சொல்கிறார்கள்.

விசாகப்பட்டினத்துச் சாலை

நம் நாட்டின் பெரிய கடலோர நகரங்களில் மலையும் கடலும் நெருங்கி நிற்கும் ஊர் விசாகப்பட்டினம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைக்குன்றுகள் அங்கே கடல்வரை இறங்கி வருகின்றன. கடற்படையின் பெயரால் நடைபெறும் மாரத்தான் உட்படப் பல ஓட்டங்கள் அந்நகரின் கடற்கரைச் சாலையில் நடத்தப்படுகின்றன. எங்கள் குழுவில் அறுவர் அச்சாலையில் ஓடித் திரும்பியிருக்கிறோம்.

குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமாக நிறுத்தப்பட்டிருக்கும் ராமகிருஷ்ணா கடற்கரைப் பகுதியில் சாலை ஓரளவு சமமாகவே செல்கிறது. இருளில் அலையோசை துணைக்கு வர, முதல் சில கிலோமீட்டர்கள் எவருக்கும் எளிதாகவே தோன்றும். கைலாசகிரியின் அடிவாரத்தை நெருங்கும்போது சாலை எழத் தொடங்குகிறது. பிறகு ருஷிகொண்டா வரை ஏறுவதும் இறங்குவதுமாகவே செல்கிறது. எந்த ஏற்றமும் தனித்து நோக்கினால் பெரிதன்று. ஆனால் ஒன்று முடிந்ததும் இன்னொன்று வரும். திரும்பி வரும்போது அவை அனைத்தும் மீண்டும் வரும்.

பள்ளி ஆசிரியை தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தே ஓடிப் பழகியவர். கொச்சியில் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற கணக்கை அவர் தவறவிட்டதில்லை. அங்கே முதல் ஏற்றத்திலும் அதே ஏழு நிமிடத்தைக் காப்பாற்றினார்; இரண்டாவதிலும் காப்பாற்றினார். இருபத்தைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு அவரால் நடக்க மட்டுமே முடிந்தது. துறைமுக ஓய்வூதியரோ கடிகாரமே கட்டுவதில்லை. பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அவருக்கு அளவுகோல். பேச முடியாத இடத்தில் வேகத்தைக் குறைத்தார். செங்குத்தான இடத்தில் நடந்தார். தொடக்கத்தில் குழுவில் கடைசியாக இருந்த அவரே எங்களில் முதலாவதாக முடித்தார்.

மேட்டுச் சாலை கற்பிக்கும் முதன்மையான பாடம் இதுவே. சமதரையில் வேகத்தைச் சீராக வைத்திருப்பது அறிவுடைமை. மேட்டில் சீராக இருக்க வேண்டியது வேகமன்று, முயற்சி. ஏற்றத்தில் நேரம் கூடத்தான் செய்யும். அதை அங்கேயே ஈடுகட்ட முனைபவர் பின்னால் வரும் கிலோமீட்டர்களுக்கான வலிமையை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறார். ஏற்றத்தில் இழந்த நேரம் முழுவதும் இறக்கத்தில் திரும்பக் கிடைப்பதுமில்லை.

முதல் மாரத்தானே சான்று

இது புதிய பாடமன்று. 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நடைபெற்ற முதல் மாரத்தானே கடலோரச் சமவெளியில் தொடங்கி மேட்டின் மீது ஏறிச் சென்ற ஓட்டம்தான். கடலருகே உள்ள மாரத்தான் என்னும் ஊரிலிருந்து ஏதென்ஸ் நகர் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தொடக்கப் பகுதி சமதரை. நடுவே நீண்ட ஏற்றம். இறுதியில் நகரை நோக்கி இறக்கம்.

அன்று ஓடியவர்களில் எட்வின் ஃபிளாக் என்ற ஆஸ்திரேலியர் ஒருவர். வணிகவியல் படித்தவர்களுக்கு அவர்மீது தனி அன்பு பிறக்கக்கூடும். இலண்டனில் பணியாற்றிவந்த கணக்காளர் அவர். 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் முதலிடம் பெற்றவர். 1500 மீட்டரில் இரண்டாமிடம் பெற்ற அமெரிக்கர் பிளேக், மூன்றாமிடம் பெற்ற பிரெஞ்சுக்காரர் லெர்முசியோ ஆகியோரும் மாரத்தானில் இறங்கினர். தொடக்கத்தில் லெர்முசியோ மற்றவர்களை வெகுவாகப் பின்தள்ளி முன்சென்றார். ஆயினும் பிளேக் 23ஆவது கிலோமீட்டர் அளவிலும், லெர்முசியோ 32ஆவது கிலோமீட்டர் அளவிலும், ஃபிளாக் முடிவுக்குச் சில கிலோமீட்டர்களே இருந்தபோதும் விலக நேர்ந்தது. 1500 மீட்டரில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மூவரில் ஒருவர்கூட மாரத்தானை முடிக்கவில்லை.

வென்றவர் மரூசி ஊரைச் சேர்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்பது அவர் தொழில். முற்பகுதியில் பின்தங்கியிருந்த அவர், ஏற்றத்தில் முன்னேறி, 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் அரங்கத்தினுள் நுழைந்தார். மாரத்தான் தொலைவு 42.195 கிலோமீட்டர் என்ற அளவை 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலில் பெற்றது.

பிக் சர் தரும் அனுபவம்

கடலோர மேட்டு ஓட்டங்களில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெறும் பிக் சர் மாரத்தான். 1986ஆம் ஆண்டு தொடங்கியது. பசிபிக் பெருங்கடலின் விளிம்பில் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையில், பிக் சரிலிருந்து கார்மெல் நோக்கி வடக்கே ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின் பெரிய சோதனை ஹரிக்கேன் முனை. ஏறத்தாழ மூன்றேகால் கிலோமீட்டரில் சாலை 150 மீட்டருக்கு மேல் உயர்கிறது. அடிவாரத்தில் ஜப்பானியப் பெருமுரசுகள் முழங்க, உச்சியில் எதிர்க்காற்று வரவேற்கும். அதன்பின் இறங்கினால், 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிக்ஸ்பி பாலத்தில் பாதித் தொலைவு முடிகிறது. அங்கே ஒருவர் பெரிய பியானோவை வாசித்துக்கொண்டிருப்பார்.

அங்கே ஓடுபவர்கள் பலரும் தங்கள் சிறந்த நேரத்தை எதிர்பார்த்துச் செல்வதில்லை. ஹரிக்கேன் முனை முடிந்ததும் மேடு முடிந்தது என்று எண்ணுபவர் ஏமாந்து போவார். முடிவுக்கு அருகிலும் சிறு மேடுகள் காத்திருக்கின்றன. முதற்பாதியில் கையிருப்பைக் காத்தவர்களே அவற்றில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இறக்கமும் ஈரக்காற்றும்

ஏற்றத்தை அனைவரும் அஞ்சுகிறார்கள். தொடைத் தசைகளை உண்மையில் சிதைப்பது இறக்கமே. கீழ்நோக்கி ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்தப் பாடுபடுகிறது. அதனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் படியிறங்க முடியாமல் போவதன் காரணம் இதுவே. எட்டி எட்டிக் காலை வைக்காமல், குறுகிய அடிகளை விரைந்து வைத்து இறங்குவது நலம்.

நம் கடற்கரைகளுக்கே உரிய இன்னொரு மேடும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடிவிடுகிறது. உடல் வெப்பம் உள்ளேயே தங்குகிறது.

அதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் குடிப்பதும் ஆபத்தே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்ததைக் கண்டறிந்தனர். ஓடும்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் இக்குறை மிகுந்து காணப்பட்டது. தலைவலி, குமட்டல், தெளிவின்மை ஆகியவை இதன் அறிகுறிகள். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், நீண்ட ஓட்டங்களில் உப்புச்சத்து உள்ள பானத்தையும் சேர்த்துக்கொள்வதும் தக்க வழி.

நிறுத்தத் தெரிவதும் வலிமை

எங்கள் மிளகு வணிகருக்கு வயது ஐம்பத்தெட்டு. விசாகப்பட்டின ஓட்டத்தில் முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில் அவர் நேர்க்கோட்டில் ஓடவில்லை என்பதை உடன் வந்த காசாளர் கவனித்தார். வெயில் ஏறிய பின்னும் அவருக்கு உடல் சிலிர்த்தது. கேட்ட கேள்விக்குத் தாமதமாகவே மறுமொழி வந்தது. காசாளர் அவரை நிழலில் அமர்த்தித் தன்னார்வலர்களை அழைத்தார். உடல் வெப்பம் அபாய எல்லையை நெருங்கியிருந்தது என்று மருத்துவ உதவிக் கூடாரத்தில் தெரிவித்தார்கள். பனிக்கட்டியும் ஈரத்துணியும் வைத்து ஒரு மணி நேரத்துக்குப் பின் அவரை அனுப்பினார்கள். அவருடன் அமர்ந்திருந்த காசாளரும் அன்று ஓட்டத்தை முடிக்கவில்லை.

திரும்பும் இரயிலில் அவரிடம் வருத்தமா என்று கேட்டோம். "மீதி ஒன்பது கிலோமீட்டர் எங்கும் ஓடிப்போகாது, சார். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். வீட்டில் பேத்தி காத்துக்கிட்டிருக்கா," என்றார். மறு ஆண்டு மெதுவாகத் தொடங்கி, ஆறு மணி நேரத்துக்குச் சற்று முன்பாக முடித்தார். காசாளரும் அவருடனேயே ஓடினார்.

புறப்படும் முன்

கடலோர மேட்டு மாரத்தானில் கலந்துகொள்ள எண்ணும் வாடிக்கையாளர்கள் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்னரே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

இதுவரை ஓடாதவர்கள் ஐந்து, பத்து, இருபத்தொரு கிலோமீட்டர் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். ஓராண்டுக்குக் குறைவாக இதற்கு நேரம் ஒதுக்குவது அறிவுடைமையன்று.

ஊரில் மேடு இல்லையெனில் பாலம், அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டு ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். ஏறுவதற்கு மட்டுமன்றி இறங்குவதற்கும் பயிற்சி தேவை.

ஓட்டப் பாதையின் உயர வரைபடத்தை முன்கூட்டியே பார்த்து, எங்கு நடப்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

இரத்த வகை, உடல்நலக் குறிப்பு, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓட்ட எண் அட்டையின் பின்புறம் எழுதி வைக்க வேண்டும்.

தனியாகச் செல்லாமல் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளும் குழுவாகச் செல்வது சாலச் சிறந்தது.

ஓட்டத்துக்குப் பெரும் செலவு இல்லை. நல்ல காலணி ஒன்றே முதன்மை முதலீடு. அதன்பின் வேண்டியது தவறாமல் சிறிது சிறிதாகச் சேர்க்கும் பழக்கம். அதன் பயனை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. மட்டாஞ்சேரியில் வசிக்கும் வாடிக்கையாளர்கள் எவரேனும் எங்களுடன் ஓட விரும்பினால் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு யூதத் தெருவின் முனைக்கு வரலாம். முதல் நாள் தோப்பும்படிப் பாலம் வரை நடந்தாலே போதும்.