பைக்கு மானியம், பாடத்துக்கு?

செங்கல் மாதிரி இருக்கும் தென்னைநார்க் கட்டி. எடை 2 கிலோதான், ஆனால் பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொங்கி வழியும். மீஞ்சூர் மொட்டை மாடியில் முதல் தடவை அப்படியே ஊறவைத்து, பையில் கொட்டி, அன்றைக்கே வெண்டை விதை ஊன்றினேன். மூன்றாம் வாரம் இலையெல்லாம் ஓரம் கருகிப்போச்சு.

"போர் தண்ணியா ஊத்துறே? நாங்க அதுல பாத்திரம்கூடக் கழுவ மாட்டோமே தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இந்தப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி அரை நூற்றாண்டாகிறது. போதாக்குறைக்கு நாரிலேயே உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, தொழுவுரம் கலந்தால்தான் செடி தேறும்.

மாடித்தோட்டத் தளையை (கிட்) அரசு 2013 வாக்கில் சென்னை, கோவையில் கொடுக்கத் தொடங்கியது. 2021-ல் 900 ரூபாய்த் தளை 225 ரூபாய்க்கே கிடைத்தது: 6 பை, 6 நார்க் கட்டி, 6 வகை விதை, உயிர் உரம். நல்ல காரியம்தான். கையேடும் உண்டு. ஆனால் என் வீட்டு போரில் எவ்வளவு உப்பு என்று கையேடு சொல்லாதே!

சொல்லக்கூடியவர்கள் தூரத்தில் இல்லை. திருவள்ளூரை அடுத்த திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் டி.கே.எம்.6 இந்த மண்ணின் நெல். பிலிப்பைன்ஸில் உருவான ஐ.ஆர்.20-க்கு அதுவும் ஒரு பெற்றோர். வருடக்கணக்காகச் சம்பளமும் வயலும் கொடுத்து ஆட்களை உட்காரவைத்ததால் வந்த பலன் அது. மொட்டை மாடிக்கு அப்படி யார் உட்கார்ந்தார்கள்? மத்திய அரசின் ராஷ்டிரிய கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில் 5 லட்சம், 25 லட்சம் என்று மானியம் உண்டு. அது கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு.

அமெரிக்கா 2018 வேளாண் சட்டத்திலேயே நகர, உள்ளரங்க விவசாய ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் 1 கோடி டாலரைத் தனியாக ஒதுக்கியது. அங்கேயும் எல்லாம் பழுக்கவில்லை. விளக்கொளியில் கீரை வளர்த்த ஏரோஃபார்ம்ஸ் 2023-ல் திவால் மனு போட்டது. அதே தொழிலில் இருந்த பௌரி 2024-ல் கடையைக் கட்டியது. கரன்ட் பில்லும் கடனும் கீரை விலையில் அடங்குமா? நமக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, வெயில்தான் வில்லன். கத்திரி வெயிலில் எத்தனை சதவீத நிழல்வலை, உவர்நீரை எந்தக் கீரை தாங்கும் என்பதற்குப் பதில் கிடைத்தால் போதும். செலவும் அதிகமில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லைன் வீடுகளுக்கு மாடியே கிடையாது, ஷீட் கூரைதான். வாசலில் வெட்டிய நீல கேன்களில் புதினாவும் பச்சை மிளகாயும் செழிப்பாக நிற்கின்றன. கேன் காயலான் கடையில் வாங்கியதாம். முன்பு அதில் என்ன இருந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஏதோ கம்பெனி சரக்கு சார். கழுவிட்டுத்தான் குடுக்கிறோம்."