கண்ணும் வேடமும்

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகம் நம் பள்ளி விழாக்களில் இன்றும் உயிரோடு உலவுகின்றது. முன்பெல்லாம் முடியும் உடையும் நகையும் கிடைத்துவிட்டால் வேடம் நிறைவு பெற்றது. இப்போதோ கண்ணுக்கும் நிறம் தேடுகின்றனர். அரக்கனுக்குச் செங்கண், பேய்க்கு வெண்கண், நாகத்துக்குப் பசுங்கண் என வண்ணத் தொடுவில்லைகள் சந்தைகளிலும் இணைய வணிகத்திலும் மலிந்து கிடக்கின்றன. காண்டாக்ட் லென்ஸ் என்று நாம் வழங்குவதே தொடுவில்லை. பொய்முடியைப் போல் இதுவும் ஓர் ஒப்பனைப் பொருளே என்று கருதுவதுதான் துன்பத்துக்கு வித்தாகின்றது. உண்மையில் இது மருத்துவக் கருவியாகும். அதன் காரணத்தை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

வேடத்துக்காகக் கண்ணின் நிறத்தை மாற்றுவது புதுமையன்று. கேரளத்துக் கதகளி நடிகர், சுண்டைப் பூவிலிருந்து எடுத்த சிறு துணுக்கைப் பதப்படுத்திக் கீழிமையினுள் வைத்து, விழியின் வெண்மையைச் செம்மையாக்கிக் கொள்வர். ஆனால் தொடுவில்லை நாடக மேடையில் பிறந்ததன்று, மருத்துவத்தில் பிறந்தது. 1888ஆம் ஆண்டில் ஆடால்ஃப் ஃபிக் என்னும் செருமானியக் கண் மருத்துவர், பார்வைக் குறையைத் திருத்தக் கண்ணாடியால் ஆன தொடுவில்லையை உருவாக்கினார். 1961ஆம் ஆண்டின் இறுதியில் செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே, தம் மகனின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் மிதிவண்டி விளக்கின் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஒரு பொறி அமைத்து, மென்மையான வில்லைகளை வார்த்தெடுத்தார். இன்றைய வண்ண வில்லைகள் பெரும்பாலும் அந்த மென்வில்லையின் வழி வந்தவையே.

இனி, கண்ணின் அமைப்பைச் சற்று நோக்குவோம். கருவிழிக்கு முன்னே, பளிங்கு போன்று ஒளி புகும் படலம் ஒன்று உண்டு. மருத்துவர் அதனைக் கார்னியா என்பர். நாம் முன்படலம் என்போம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. ஒளி தடையின்றிச் செல்லும்பொருட்டு இயற்கை அதில் இரத்தக் குழாய்களை வைக்கவில்லை. ஆகவே, தனக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பகுதியை அது கண்ணீரின் வழியே வெளிக்காற்றிலிருந்து பெறுகின்றது. கண் காற்றைச் சுவாசிக்கிறது என்று சொன்னாலும் பிழையில்லை. வில்லையை அணியும்போது அந்தச் சுவாசத்தின் மீது ஒரு மூடியை வைக்கின்றோம். தரமான வில்லை காற்றை ஓரளவு விடும். மலிவான வில்லையோ காற்றைத் தடுப்பதுடன், மேலே பூசிய சாயத்தின் சொரசொரப்பால் படலத்தைக் கீறவும் கூடும்.

விழியின் வளைவும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே அளவு என்பது கிடையாது. இறுகிய வில்லை கண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கும். தளர்ந்த வில்லை நகர்ந்து உரசும். உரசலில் நுண்ணிய கீறல் விழுந்தால், அதுவே கிருமிகளுக்கு வாயில். சூடோமோனாஸ் என்னும் கிருமி புகுந்தால் ஓரிரு நாளிலேயே படலத்தை அரித்துவிட வல்லது. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் வாழக்கூடிய அகந்தமீபா என்னும் நுண்ணுயிரி தரும் நோயோ மாதக்கணக்கில் வருத்தும். புண் ஆறினாலும் தழும்பு எஞ்சும். தழும்பின் வழியே ஒளி தெளிவாகப் புகாது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் தொடுவில்லை அணிந்தோர் பலருக்கு ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் முன்படலத்தில் புண் உண்டாயிற்று. வில்லை அணிந்து பழகியவர்க்கே அந்நிலை என்றால், ஒரு நாள் வேடத்துக்காக அளவறியாது அணிபவர் நிலை என்னாகும்?

மேடையில் வேறோர் இடரும் உண்டு. இருளில் கண்மணி விரியும். ஆனால் வண்ண வில்லையின் நடுவேயுள்ள துளை விரியாது. ஆகவே, விளக்கு மங்கும் காட்சியில் சாயத்தின் விளிம்பு பார்வையை மறைக்கும். மேடையின் ஓரம் எங்கே, படிக்கட்டு எங்கே என்று தெரியாமல் நடிகர் தடுமாறுவர்.

இக்காரணங்களாலேயே சட்டமும் இதில் தலையிடுகின்றது. மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி, தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களே தொடுவில்லையை அளந்து வழங்கலாம். பார்வைக் குறை இல்லாதவர் அழகுக்காக அணியும் வில்லையும் இதில் அடங்கும். அமெரிக்காவும் 2005ஆம் ஆண்டில் எல்லா வகைத் தொடுவில்லைகளையும் மருத்துவக் கருவிகள் எனச் சட்டம் செய்தது.

தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கு வேடத்தின் பொருட்டு இது வேண்டவே வேண்டா. வளர்ந்தோர் அணியத்தான் வேண்டுமெனில், பின்வரும் முறைகளை வழுவாது கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பதிவு பெற்ற கண் பரிசோதகரிடம் அளவெடுத்து, அவரிடமே வாங்குக.

இரண்டாவது, சோப்பால் கைகழுவி, நூல் ஒட்டாத துணியால் துடைத்த பின்னரே வில்லையைத் தொடுக. வில்லையைக் கழுவ அதற்கென உள்ள மருந்துநீரையே பயன்படுத்துக. குழாய் நீரும் உமிழ்நீரும் ஆகா.

மூன்றாவது, வில்லையை அணிந்த பின் முகப்பூச்சு இடுக. கலைக்கும்போது முதலில் வில்லையை எடுத்துவிட்டுப் பின் பூச்சைத் துடைக்க. முடிக்குத் தெளிக்கும் மருந்தையோ வில்லை அணியும் முன்பே தெளித்துவிடுக.

நான்காவது, ஒருவர் அணிந்ததை மற்றொருவர் அணிதல் கூடாது. உடன்பிறந்தோராயினும் கூடாது.

ஐந்தாவது, அணிந்தபடி உறங்குதல் கூடாது. குறித்த நேரம் கடந்தும் அணிதல் கூடாது.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, ஒளியைக் கண்டு கூசினாலோ, பார்வை மங்கினாலோ, நாடகம் நடுவில் நின்றாலும் கவலையில்லை என்று வில்லையை உடனே எடுத்துவிட வேண்டும். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வில்லையையும் அதன் பெட்டியையும் உடன் கொண்டு செல்வது நோயறிய உதவும். தாய்ப்பால் விடுவதும், விளக்கெண்ணெய் இடுவதும், வீட்டில் மிஞ்சியிருக்கும் சொட்டுமருந்தை ஊற்றுவதும் நம்மவரிடையே உள்ள வழக்கங்கள். இவை புண்ணை முற்றச் செய்யலாம், நேரத்தையும் வீணாக்கும்.

இறுதியாக ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கருவிழியின் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். பள்ளி மண்டபத்தின் பின் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அதன் நிறம் தெரியப் போவதில்லை. அவருக்குத் தெரிவது புருவத்தின் நெறிப்பும், இமையின் அசைவும், முகத்தின் மாற்றமுமே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். அவற்றுள் வெகுளியை மாணவனுக்குப் பயிற்றினால், கண்ணைச் சுற்றித் தீட்டிய சிறிது மையும் சரியான கோணத்தில் விழும் செவ்விளக்கும் அவனை அரக்கனாக்கிவிடும். திரை விழுந்தபின் அவன் வேடத்தைக் கலைத்துவிட்டு, மறுநாட் காலையில் புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும். அதற்குரிய கண்ணைக் காத்துக் கொடுப்பது நம் கடமையன்றோ?