படத்துக்குள் ஒரு நாள்குறிப்பு

கைப்பேசியில் இடமில்லை என்ற எச்சரிக்கை வந்தால், மாதக் கட்டணம் கட்டிக் கூடுதல் இடம் வாங்குவோர் உண்டு. கூகுள் ஃபோட்டோஸ் தன் வரம்பற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் முதல் நிறுத்தியதும், எங்கள் வீட்டுப் படங்கள் பதினேழாயிரத்தையும் பழைய மடிக்கணினிக்கு மாற்றினேன்.

அடுக்கித் தந்தது எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி என்பவர் 2003இல் வெளியிட்ட இலவச மென்பொருள். படமெடுத்த நாளும் நேரமும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் அல்லவா? அதைப் படித்து ஆண்டு, மாத வாரியாகப் பிரித்துவிடும். பொத்தான், படக்குறி எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை. பழைய கணினிக்கு அதுவே சுகம்.

புலனத்தில் வந்த படங்கள்தான் தகராறு செய்தன. புலனம் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அந்த நாள்குறிப்பு போய்விடுகிறது. அம்மா இருந்த கடைசித் தைப்பூசப் படங்கள் அத்தனையும் பினாங்கிலிருந்து அக்கா அப்படி அனுப்பியவை!

நல்லவேளை, ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். பெயரிலுள்ள அந்தத் தேதியை உள்ளே எழுதும்படி எக்ஸிஃப்டூலுக்குக் கட்டளையிட்டேன். எழுதுமுன் மூலப் படத்துக்கு ஒரு நகலும் எடுத்துவைத்தது. இந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. அது படம் வந்த தேதிதான், எடுத்த தேதியல்ல. இருந்தாலும் 2019 ஜனவரியைத் திறந்தால் இப்போது அம்மா இருக்கிறார்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன்: இனிமேல் படங்களை ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், நாள்குறிப்பு அப்படியே வந்துசேரும்.