போலி 'ரீஃபண்ட்' மின்னஞ்சல்: சொந்த விதிகளால் தடுப்பது எப்படி?

புதுடெல்லி: வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் காலத்தில், 'உங்கள் ரீஃபண்ட் தொகை தயார்' எனக் கூறும் போலி மின்னஞ்சல்கள் உலவுவது வழக்கமாகிவிட்டது. தானியங்கி வடிகட்டிகளைத் தாண்டி வரும் இவற்றைப் பயனர்கள் தாங்களே வகுக்கும் விதிகளால் கட்டுப்படுத்தலாம். ஆனால், விதி தவறினால் வங்கியின் உண்மையான எச்சரிக்கையும் குப்பைக்குச் சென்றுவிடக்கூடும்.

விதி என்பது என்ன?

ஒவ்வொரு விதியிலும் ஒரு நிபந்தனையும் ஒரு நடவடிக்கையும் இருக்கும். அனுப்புநர், தலைப்பு, இடம்பெறும் சொற்கள் ஆகியவை நிபந்தனைகள். லேபிள் இடுதல், காப்பகத்துக்கு மாற்றுதல், நீக்குதல் ஆகியவை நடவடிக்கைகள். ஜிமெயில் அமைப்புகளில் உள்ள 'ஃபில்டர்' பகுதியில் இவற்றை உருவாக்கலாம்.

உதாரணமாக, தலைப்பில் 'ரீஃபண்ட்' என்ற சொல் இருந்து, அனுப்புநர் முகவரியில் 'ஜிஓவி.இன்' இல்லாத அஞ்சல்களைத் தனியே பிரிக்கலாம். எனினும், இணைய வணிக நிறுவனங்கள் அனுப்பும் உண்மையான ரீஃபண்ட் தகவல்களும் இதில் சிக்கும். எனவே நீக்குவதற்குப் பதிலாக லேபிள் இடுவதே பாதுகாப்பானது. ஜிமெயிலில் ஸ்பேம், குப்பைப் பகுதிகளில் உள்ளவை 30 நாள்களில் நிரந்தரமாக அழிந்துவிடும்.

ஸ்கிரிப்டுகளின் பங்கு

சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்தும் நிறுவனங்கள் 'சீவ்' என்ற விதிமொழியைப் பயன்படுத்துகின்றன. 2008-ஆம் ஆண்டு வெளியான அதன் தரநிலை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. விதிகள் சர்வரிலேயே இயங்குவதால், கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே பலன் கிடைக்கும்.

'ஸ்பேம்அசாசின்' மென்பொருளின் அணுகுமுறை வேறு. ஒரே ஒரு சொல்லை வைத்து அது முடிவெடுப்பதில்லை. பல சோதனைகளுக்கு மதிப்பெண் வழங்கி, கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் அந்த அஞ்சலை ஸ்பேம் எனக் குறிக்கிறது. இந்த வரம்பை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். வரம்பைக் குறைத்தால் ஸ்பேம் அதிகம் சிக்கும். அதேவேளையில் நல்ல அஞ்சல்கள் சிக்கும் வாய்ப்பும் கூடும்.

கவனிக்க வேண்டியவை

அனுப்புநரின் பெயரை எவரும் போலியாக இட முடியும் என்பதால், முழு முகவரியையும் பார்க்க வேண்டும். 'ஜிஓவி.இன்' என்ற எழுத்துகள் முகவரியின் நடுவில் இருந்தால் போதாது. முகவரி அவ்வாறு முடிய வேண்டும். புதிய விதியைச் சில வாரங்கள் லேபிளுடன் மட்டும் சோதித்த பின்னரே நீக்கும் நடவடிக்கையைச் சேர்ப்பது நல்லது.

போலி இணைப்பில் விவரம் அளித்துப் பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.