கடைசி நாள் வரை யார் என்று தெரியாத லீக்: ஜொகூர் ரசிகர் ஏன் பேஸ்பாலைக் கவனிக்கணும்?

ஜொகூரில் வளர்ந்தவரா நீங்கள்? உங்கள் வயது இருபதுக்குள் என்றால், ஜொகூர் டாருல் தக்சிம், அதாவது நம்ம ஜேடிதி, மலேசிய சூப்பர் லீக்கை வெல்லாத ஒரு பருவம் உங்கள் நினைவிலேயே இருக்காது. 2014-இல் தொடங்கி 2024-25 பருவம் வரை, தொடர்ச்சியாக 11 முறை பட்டம் இஸ்கண்டார் புத்ரி பக்கம்தான் வந்திருக்கிறது.

பெருமைதான். ஆனால் ஒரு கேள்வி. கடைசி வாரத்து ஆட்டங்களை, "யார் ஜெயிப்பாங்களோ" என்று நகத்தைக் கடித்துக்கொண்டு கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பட்டம் பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டால், கடைசி நாள் முடிவுகளைப் புரட்டுவது பழைய நாளிதழைப் படிப்பது மாதிரி. இதற்கு நேர் எதிரான ஒரு நாளை இங்கே பார்ப்போம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் 2011 செப்டம்பர் 28. அந்த நாள் ஏன் அப்படி அமைந்தது என்று புரிந்தால், நம் லீக்கில் என்ன குறைகிறது என்பதும் புரியும்.

பேஸ்பால் தெரியாதா? பரவாயில்லை. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியிருந்தால் பாதி தெரியும். மீதியைப் போகப் போகச் சொல்கிறோம்.

முதலில், பட்டியலை எப்படிப் படிப்பது?

காற்பந்தில் கணக்கு எளிது. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. முதல் அணி 10 புள்ளி முன்னிலையில் இருந்து, மூன்று ஆட்டங்களே மீதி என்றால், பின்னால் இருப்பவர் எல்லாவற்றையும் ஜெயித்தாலும் 9 புள்ளிதான். கதை முடிந்தது.

பேஸ்பாலில் புள்ளியே கிடையாது. வெற்றி, தோல்வி என இரண்டு எண்கள் மட்டும். சமநிலையும் கிடையாது, 9 இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால், வரும்வரை ஆட்டம் நீளும். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். ஆமாம், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்.

பட்டியலில் "எத்தனை ஆட்டம் பின்னால்" என்று ஒரு பத்தி இருக்கும். ஓர் அணி 90 வெற்றி, 60 தோல்வி. இன்னொன்று 85 வெற்றி, 65 தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றியில் 5 வித்தியாசம், தோல்வியில் 5 வித்தியாசம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5. இரண்டாவது அணி ஐந்து ஆட்டம் பின்னால் இருக்கிறது.

பருவக் கடைசியில் எல்லாரும் பேசும் இன்னோர் எண் "மேஜிக் நம்பர்". 163-இலிருந்து உங்கள் அணியின் வெற்றிகளைக் கழியுங்கள். போட்டி அணியின் தோல்விகளையும் கழியுங்கள். வருவதுதான் அந்த எண். நீங்கள் ஒன்று ஜெயித்தால் ஒன்று குறையும். அவர்கள் ஒன்று தோற்றாலும் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால் இடம் உங்களுடையது. அவ்ளோதான்.

அன்று காலை நிலவரம் என்ன?

அப்போதைய விதிப்படி, இரண்டு லீக்குகளிலும் தலா மூன்று பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடிப்பவர் நேராக பிளே-ஆஃப் போவார். மற்றவர்களில் சிறந்த ஓர் அணிக்கு "வைல்ட் கார்டு" என்ற கூடுதல் இடம். 1995-இலிருந்து நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது. அதாவது, பிரிவை இழந்தவருக்கும் இன்னொரு கதவு திறந்தே இருக்கும்.

அமெரிக்கன் லீக்கில் அந்தக் கதவருகே நின்றவர்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸும் டாம்பா பே ரேய்ஸும். செப்டம்பர் தொடக்கத்தில் ரேய்ஸ் 9 ஆட்டம் பின்னால் இருந்தார்கள். அந்த மாதம் ரெட் சாக்ஸ் 7 வெற்றி, 20 தோல்வி என்று சரிந்தது. கடைசி நாளன்று இருவரும் ஒரே நிலை: 90 வெற்றி, 71 தோல்வி.

நேஷனல் லீக்கிலும் இதே கதை. எட்டு ஆட்டங்களுக்கு மேல் முன்னிலையில் இருந்த அட்லாண்டா பிரேவ்ஸை, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் துரத்திப் பிடித்துவிட்டது. இருவரும் 89 வெற்றி, 72 தோல்வி.

மேஜிக் நம்பரைப் போட்டுப் பாருங்கள். 163 கழித்தல் 90 கழித்தல் 71, விடை 2. அடுத்ததில் 163 கழித்தல் 89 கழித்தல் 72, அதற்கும் விடை 2. மீதி இருப்பதோ ஒரே ஓர் ஆட்டம். ஆக, நீங்கள் ஜெயித்தால் மட்டும் போதாது. அவர்களும் தோற்க வேண்டும். இருவருமே ஜெயித்தாலோ, இருவருமே தோற்றாலோ, மறுநாள் 163-ஆவது ஆட்டம் ஒன்று நடக்கும்.

ஜொகூர் நேரப்படி அந்த நாள்

அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் அந்த மாதத்தில் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே புதன் இரவு, இங்கே செப்டம்பர் 29, வியாழன் காலை. நீங்கள் பள்ளியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்தது.

நான்கில் முதலில் முடிந்தது கார்டினல்ஸின் ஆட்டம். பிட்சர் கிறிஸ் கார்பென்டர் எதிரணிக்கு இரண்டே ஹிட் கொடுத்து முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக 8-0. பிறகு அவர்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: அட்லாண்டாவைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது.

அட்லாண்டாவில் பிரேவ்ஸ் 3-2 என முன்னிலை. கடைசியான 9-ஆவது இன்னிங்ஸில் பிலடெல்பியா பில்லீஸ் சமன் செய்தது. ஆட்டம் நீண்டு, 13-ஆவது இன்னிங்ஸில் பில்லீஸ் 4-3 என வென்றது. பிரேவ்ஸின் பருவம் முடிந்தது, கார்டினல்ஸ் உள்ளே.

பால்டிமோரில் ரெட் சாக்ஸ் 3-2 முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் மழை வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்றது. அதே நேரத்தில் ஃபுளோரிடாவில் ரேய்ஸ் 7-0 என யாங்கீஸிடம் தோற்றுக்கொண்டிருந்தது. பாஸ்டன் ரசிகர்கள் நிம்மதியாகத் தேநீர் குடித்திருக்கலாம்.

ஆனால் எட்டாவது இன்னிங்ஸில் ரேய்ஸ் ஆறு ரன் எடுத்தது. 7-6. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட்; மாற்று ஆட்டக்காரராக வந்தவர் டான் ஜான்சன். அந்தப் பருவத்தில் அவருடைய மட்டையடிச் சராசரி .108. அதாவது பத்தில் ஒரு முறைதான் அடி விழும். அவருக்கும் இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று தவறினால் ஆட்டம் குளோஸ். அவர் ஹோம் ரன் அடித்தார். 7-7.

மழை நின்று பால்டிமோரில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. கடைசி இன்னிங்ஸில் ரெட் சாக்ஸுக்கு இரண்டு அவுட் கிடைத்துவிட்டது, பேஸில் யாரும் இல்லை. அந்தப் பருவத்தில் எட்டு இன்னிங்ஸ் முடிந்து முன்னிலையில் இருந்த 77 ஆட்டங்களில் ஒன்றில்கூட ரெட் சாக்ஸ் தோற்றதில்லை. ஆனால் கிறிஸ் டேவிஸ் அடித்தார், நோலன் ரெய்மோல்டு அடித்து சமன் செய்தார், ராபர்ட் ஆண்டினோ அடித்த பந்து கார்ல் கிராஃபோர்டின் கையுறையில் நிற்காமல் விழுந்தது. ஓரியோல்ஸ் 4-3.

அங்கே நள்ளிரவு 12:02. நமக்கு நண்பகல் 12:02. மூன்றே நிமிடம் கழித்து, 12:05-க்கு, ரேய்ஸின் இவான் லாங்கோரியா 12-ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். 8-7. ஒரு மாதமாகத் துரத்தியவர்கள் உள்ளே, ஒரு மாதத்துக்கு முன் நிச்சயம் என்று இருந்தவர்கள் வெளியே.

இதில் கவனிக்க வேண்டியது எது?

ஹோம் ரன் இல்லை. பால்டிமோர் ஓரியோல்ஸைப் பாருங்கள். அன்று அவர்கள் தங்கள் பிரிவில் கடைசி இடம். 69 வெற்றி, 93 தோல்வி. ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு எதுவும் மாறாது. ஆனாலும் அவர்கள் ஆடிய கடைசி இன்னிங்ஸ்தான் பருவத்தைத் தீர்மானித்தது.

இன்னொன்று பணம். பருவத் தொடக்கத்தில் ரேய்ஸின் மொத்தச் சம்பளச் செலவு சுமார் 4.1 கோடி டாலர். ரெட் சாக்ஸ் சுமார் 16 கோடி. யாங்கீஸ் 20 கோடிக்கும் மேல். ஐந்தில் ஒரு பங்கு பணத்தில் ஓர் அணி கடைசி நாள் வரை போட்டியில் நிற்க முடிந்தது. இது தற்செயலா? ஓரளவுக்குத்தான். மீதி, விதிகளின் வேலை.

எந்த விதிகள்?

ஒன்று, வருமானப் பகிர்வு. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதியைப் பொதுவில் போடும்; அது எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரியும். பெரிய நகரத்து அணி சம்பாதிப்பதில் ஒரு பங்கு சின்ன நகரத்துக்கும் போகிறது.

இரண்டு, டிராஃப்ட். 1965 முதல், புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. இப்போது முதல் சில இடங்களுக்குக் குலுக்கலும் உண்டு.

மூன்று, வரி. சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் அணி அபராத வரி கட்ட வேண்டும். திரும்பத் திரும்பத் தாண்டினால் வரி கூடும்.

நான்கு, பிளே-ஆஃப். 2011-இல் 8 அணிகளுக்கு இடம். 2022 முதல் 12. கதவுகள் கூடக்கூட, கடைசி வாரத்தில் உயிரோடு இருக்கும் அணிகளும் கூடும். 2025 செப்டம்பர் 28-ஆம் தேதி, அதே தேதியில், நியூயார்க் மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் தோற்று 83-79 என்ற ஒரே நிலையில் முடித்தன. 163-ஆவது ஆட்டம் என்ற வழக்கம் 2022-இலேயே நீக்கப்பட்டதால், தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் அதிகம் வென்ற ரெட்ஸ் உள்ளே போனது. செலவில் பல மடங்கு பெரிய மெட்ஸ் வீட்டுக்குப் போனது.

அப்படியானால் அவர்கள் முறைதான் சரியா?

அவசரப்பட வேண்டாம். அங்கே தரமிறக்கம் கிடையாது. கடைசியில் வந்தாலும் அடுத்த வருடம் அதே லீக். அதனால் சில அணிகள் வருடக்கணக்கில் மோசமாக ஆடியே காலத்தை ஓட்டுகின்றன. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162-இல் 121 ஆட்டங்களில் தோற்றது. செலவு செய்யும் பலமும் மறைந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024, 2025 என இரண்டு வருடமும் பட்டம் வென்றது.

சரி, நம் லீக்குக்கு வருவோம்

சூப்பர் லீக் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2004-இல் தொடங்கியபோது பட்டம் வென்றது பகாங். பிறகு பெர்லிஸ், நெகிரி செம்பிலான், கெடா, சிலாங்கூர், கிளந்தான். 2013-இல் பாலத்துக்கு அந்தப் பக்கத்து சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ். முதல் பத்துப் பருவங்களில் ஏழு வெவ்வேறு வெற்றியாளர்கள். அடுத்த பதினொன்றில் ஒரே ஒருவர்.

இதற்கு ஜேடிதியைக் குறை சொல்ல முடியாது. 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய கிளப் அது. லார்க்கினிலிருந்து 2020-இல் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்கு மாறியது. நன்றாக நடத்தப்படும் கிளப் நன்றாக ஆடுகிறது, அவ்வளவுதான். பிரச்சினை, மற்றவர்கள் கூட வர முடியாததில் இருக்கிறது. சம்பள பாக்கிச் செய்திகள் நமக்குப் புதிதில்லை. 2025-26 பருவம் தொடங்கியபோது கெடா, பேராக், ஸ்ரீ பகாங் என மூன்று பழக்கப்பட்ட பெயர்கள் பட்டியலிலேயே இல்லை. எதிரில் நிற்க ஆளில்லாத வெற்றி, வென்றவருக்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சுவை குறையும். ஆசிய அளவில் மோத, வாரா வாரம் கடினமான ஆட்டம் வேண்டும்.

நாக்-அவுட் ஆட்டத்தில் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும். 2021 நவம்பர் 30, மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். கோலாலம்பூர் சிட்டி ஜேடிதியை 2-0 என வீழ்த்தியது. பயிற்றுநர் போயான் ஹோடாக், 2014-இல் ஜேடிதியின் முதல் லீக் பட்டத்தில் இருந்த அதே ஆள். ஜொகூரில் அன்றிரவு மனம் கசந்தது உண்மை. ஆனால் அந்த ஆட்டம் இன்னும் நினைவில் நிற்கிறது, இல்லையா? அதே வருட லீக் ஆட்டங்களில் எத்தனை நினைவிருக்கிறது?

அடுத்த முறை என்ன பார்க்கலாம்?

பருவக் கடைசியில் முடிவுகளைப் பார்க்கும்போது முதல் வரியோடு நிறுத்தாதீர்கள். எத்தனை அணிகளுக்கு இன்னும் ஏதாவது மீதி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆசியப் போட்டி இடத்துக்கு யார் மோதுகிறார்கள்? எந்தக் கிளப் ஆட்டக்காரர்களுக்கு நேரத்தில் சம்பளம் தருகிறது? அடுத்த வருடமும் எந்தப் பெயர்கள் பட்டியலில் இருக்கும்?

ஜேடிதி ஜெயிக்கணும் என்று ஆசைப்படுங்கள், தப்பே இல்லை. கூடவே, கடைசி நாள் வரை நம்மைப் பயமுறுத்த ஓர் அணி வேண்டும் என்றும் கேளுங்கள். இரண்டும் ஒரே ரசிகர் கேட்கக்கூடியதுதான்.