மெத்தனால் ஏன் கண்ணைப் பறிக்கிறது? ஒரு கார்பன் செய்யும் வேலை

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர் மெத்தனால். 2023-ல் மரக்காணத்திலும் இதே பெயர்தான். டாஸ்மாக் பாட்டிலில் இருப்பதும் ஆல்கஹால், இதுவும் ஆல்கஹால். அப்புறம் என்ன வித்தியாசம்?

ஆல்கஹால் என்பது ஒரு குடும்பப் பெயர். கார்பன் அணுவோடு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி ஒட்டியிருந்தால் இந்தக் குடும்பம். மதுவில் இருக்கும் எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. அவ்வளவுதான். இரண்டுக்கும் நிறம் கிடையாது; வாசனையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள். இரண்டுமே நீலமாகத்தான் எரியும்.

பெயின்ட், வார்னிஷ் தொழிலுக்குப் போக வேண்டிய மெத்தனாலைத்தான் 'கிக்' ஏற்றுவதற்காகச் சாராயத்தில் கலக்கிறார்கள். உள்ளே போனவுடன் அது ஆளைக் கொல்வதில்லை. அதைக் கொடிய விஷமாக மாற்றுவது, சுத்தம் செய்வதாக நினைத்து வேலை பார்க்கும் நம் கல்லீரல்!

கல்லீரலில் உள்ள ஒரு நொதி எத்தனாலை உடைக்கும்போது, கடைசியில் வருவது வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம். உடம்பு அதை எரித்துவிடும். அதே நொதி மெத்தனாலைத் தொட்டால் முதலில் ஃபார்மால்டிஹைடு வரும். பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இருப்பது இதுதான். அடுத்தது ஃபார்மிக் அமிலம். சில எறும்புகளின் கடியில் எரிகிறதே, அது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் இந்த அமிலம் தடுக்கிறது. பார்வை நரம்பு இதைத் தாங்காது. "கண்ணு மங்கலா தெரியுது" என்று பலர் முதலில் சொல்வது அதனால்தான்.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம். "நேத்து ராத்திரி குடிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர் மறுநாள் சுருண்டு விழுவது இப்படித்தான்.

சிகிச்சையில் ஒரு விசித்திரம் உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்தால் அந்த நொதியை முடக்குவார்கள். அது கிடைக்காவிட்டால், எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல்தான் பிரியம் அதிகம். அது அங்கே பிஸியாக இருக்கும்போது, மெத்தனாலை டயாலிசிஸ் மூலம் வெளியேற்றிவிடலாம். அளவு பார்த்து, ரத்தப் பரிசோதனையோடு செய்யும் வேலை இது. வீட்டில் பிராந்தி ஊற்றிக் கொடுப்பது சிகிச்சை ஆகாது.

கேஸ் ஆகிடுமோ என்று பயந்து ஒளிக்காமல், என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். அதே பாக்கெட்டில் குடித்துவிட்டு 'நல்லா இருக்கேன்' என்பவரையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.