நுரையீரலில் நோய், சிறுநீரில் தடயம்

காசநோய் இருக்கிறதா என்று அறிய மருத்துவர் முதலில் கேட்பது சளியைத்தான். இராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த காலந்தொட்டு இதுவே வழக்கம். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குக் காறித் துப்பத் தெரியுமா? வரும் சளியை அது விழுங்கிவிடும். அதனால் பல சமயம் அதிகாலையில் மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு அது பெரும் வேதனை. மாறாக, சிறுநீரிலேயே கிருமியின் தடயத்தைத் தேட முடியுமா என்று ஆராய்ந்து வருகின்றனர்.

நுரையீரலில் உள்ள கிருமி சிறுநீருக்கு எப்படி வரும் என்று கேட்பீர்கள். கிருமி வருவதில்லை (அது சிறுநீரகத்தையே தாக்கினால் அது வேறு கதை). வருவது அதன் உடைந்த டி.என்.ஏ. துணுக்குகள்தாம்.

நுரையீரலின் காற்றறைகளில் காவல் செல்கள் கிருமிகளை விழுங்கிச் செரிக்க முயல்கின்றன. கிருமிகள் மடிகின்றன, சில வேளை விழுங்கிய செல்லே மடிந்து உடைகிறது. அப்போது டி.என்.ஏ. வெளியே சிந்துகிறது. காற்றறைக்கும் இரத்தத் தந்துகிக்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அழற்சியால் அது கசியும்போது துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. அங்கே நொதிகள் அவற்றை மேலும் நறுக்குகின்றன. பெரும்பகுதியைக் கல்லீரல் வாரி எடுத்துவிடுகிறது. மிஞ்சியதே சிறுநீரகத்தை அடைகிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அந்தச் சல்லடையின் கண்கள் மிக நுண்ணியவை. காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் சுமார் 44 இலட்சம் கார இணைகள் உண்டு. நீட்டிப் பிடித்தால் 1.5 மில்லிமீட்டர் நீளம்! அது முழுதாக நுழையாது. ஆனால் நூறு இணைகளுக்கும் குறைவான துணுக்கு, 2 நானோமீட்டர் தடிமனே உள்ளதால், ஊசிக் காதில் நூல் நுழைவதுபோல் நுழைந்துவிடும்.

இங்கேதான் சிக்கல். கேரி முல்லிஸ் 1983இல் கண்ட பாலிமரேஸ் தொடர்வினையால் துளி டி.என்.ஏ.வையும் கோடிக்கணக்கில் படியெடுக்கலாம். ஆனால் நாம் தேடும் பகுதியின் இரு முனைகளும் ஒரே துணுக்கில் இருந்தாக வேண்டும். கிழித்தெறிந்த செய்தித்தாளில் முழுப் பத்தியைத் தேடினால் கிடைக்காது. ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கும். ஆகவே சோதனையில் தேடும் பகுதி மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். சிறுநீரிலும் நொதிகள் சும்மா இருப்பதில்லை. புட்டியில் பிடித்த பிறகும் நறுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் பிடித்த உடனேயே அவற்றை முடக்கும் வேதிப்பொருளைச் சேர்த்துவிடுகின்றனர்.